ஆறு பத்துக்குப் பனி

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்குக் குருமூர்த்தி மொட்டைமாடியில் நின்று எடுத்த படத்தில் பனியைக் காணவில்லை.

படம் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அதுதான் சிக்கல். எதையும் முறைப்படி செய்கிறவர் அவர். பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு எழுதவேண்டிய கடிதத்தை முந்தின நாள் சாயங்காலமே எழுதி வைத்துவிடுவார். காலையில் ஒரு படம் எடுப்பார், கடிதத்தோடு சேர்ப்பார், அனுப்புவார், பல் விளக்கப் போவார். பல் விளக்கிவிட்டு வந்துதான் தான் அனுப்பியதைத் தானே ரசிப்பார்.

இன்றைய கடிதம் இது:

"அன்பு நண்பர்களுக்கு, குருமூர்த்தி எழுதுவது. நலம். நலமறிய ஆவல். இன்றும் ஓசூரில் நல்ல பனி. எதிர்வீடு கண்ணுக்குத் தெரியவில்லை. பால்காரர் வந்ததைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்புடன், குரு."

படத்தில் எதிர்வீடு தெரிந்தது. அதன் கொடியில் ஏழு துணிக் கிளிப்புகள் தெரிந்தன. நான்கு பச்சை, மூன்று சிவப்பு. பால்காரர் தெரிந்தார். அவர் கொட்டாவி விட்டதும் தெரிந்தது. அதற்கும் அப்பால் ராயக்கோட்டை ரோட்டில் நின்ற கன்டெய்னர் லாரியின் முதுகில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்ததைக்கூடப் படிக்க முடிந்தது.

"ஜோதி! என் போனை என்ன பண்ணின?"

சமையலறையிலிருந்து மனைவி ஜோதிமணியின் குரல் மட்டும் வந்தது.

"என்னத்தப் பண்ணேன்? கேமரா கண்ணாடி பிசுபிசுன்னு ஈ ஒட்டுற மாதிரி இருந்துச்சு. ராத்திரி நீலகிரித் தைலம் தொட்டுத் தொடச்சேன். பளிச்சுனு ஆயிருச்சுல்ல?"

"ஆயிருச்சு" என்றார் குருமூர்த்தி.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது.

அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வாசலில், உள்ளே போகும் ஒவ்வொருவர் போனின் கேமரா மேலும் ஒரு சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உள்ளே யாரும் எதையும் படம் எடுத்துவிடக் கூடாது. சாயங்காலம் வெளியே வந்ததும் அவரவர் பிய்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பிய்த்த கையோடு சட்டையில் ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போவார்கள். குருமூர்த்தி தேய்ப்பதில்லை. கண்ணாடியைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும் என்று போனோடு வந்த புத்தகத்தில் ஒன்பதாம் பக்கத்தில் போட்டிருந்தது.

ஆக, நாலரை மாதப் பசை. மார்கழியில் ஓசூரில் உண்மையாகவே பனி இருந்தது. தையிலும் இருந்தது. மாசியில் கண்ணுக்குக் குறைந்தது. ஆனால் படத்தில் கூடியது. 'மனிதக் கண்ணுக்கு எட்டாத பனியும் உண்டு போலும்' என்று அவர் குழுவில் எழுதினார். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தபோதும் போனில் பனி பெய்துகொண்டுதான் இருந்தது. போன், தன் கண் பார்ப்பதைவிட விலை உயர்ந்த விஷயங்களைப் பார்க்கிறது என்று அவர் நம்பினார். நம்புவது சுகமாகவும் இருந்தது.

அந்தப் படங்களில் சிப்காட் புகைபோக்கிகள் பாலில் ஊறிய கரும்புத் துண்டுகளாக நின்றன. கம்பெனி பஸ்கள் படகுகள்போல ஓசையில்லாமல் வந்தன. ரோட்டு விளக்குகள் வெல்லம் கரைவதுபோல் கரைந்து ஒழுகின. ஜோதிமணி துணி உலர்த்தும்போது எடுத்த ஒரு படத்தில், யாரோ ஒரு பெண் மேகத்தை உதறி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபிறகு ஒரு வாரம் அவர் ஜோதிமணியிடம் எதற்குமே குரல் உயர்த்தவில்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போதும் அந்த ஊரில்தான் நடந்தார். கால் மட்டும் இந்த ஊரின் சாக்கடை மூடிகளைத் தாண்டித் தாண்டிப் போகும்.

போனில் 'டிங்' என்றது. மருந்துக்கடை அசோக்குமார்.

"குரு, இந்தப் படம் நீ எடுத்ததா?"

குருமூர்த்தி பதில் எழுத விரலை வைத்து, எடுத்துவிட்டார்.

ஏன் எடுத்தார் என்று சொல்லிவிட வேண்டும். 'தொட்டியம் பத்தாம் வகுப்பு ஆ பிரிவு' என்ற அந்தக் குழுவில் பதினொரு பேர். குருமூர்த்தி சேர்ந்த அன்று, "இது எந்த குருமூர்த்தி?" என்று மூன்று பேர் கேட்டார்கள். "வாத்தியாருக்கு டீ வாங்கப் போயி கெளாசை ஒடச்சிட்டு வருவானே, அவனா?" என்று அசோக்குமார் கேட்டான். அவர் அவனில்லை. அது வேறு ஒரு பையன். இருந்தாலும் 'ஆம்' என்று போட்டார்.

அதன்பிறகு எல்லோரும் அன்றாடச் செய்திகளைப் போட்டார்கள். நல்லுசாமி வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியது, ராஜேஷ்குமார் கண்டக்டராகப் போகும் பஸ்ஸில் ஒரு கோழி டிக்கெட் இல்லாமல் நாமக்கல்வரை வந்தது, வினிதா டீச்சரின் வகுப்பில் இரண்டு பையன்கள் ஒரே பல்லைத் தங்கள் பல் என்று சண்டை போட்டது. எல்லாவற்றுக்கும் சிரிப்பும் இதயமும் குவிந்தன. குருமூர்த்தியும் போட்டார். 'இன்று கேன்டீனில் சாம்பார் சாதம்.' யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 'வண்டிக்குக் காற்று அடித்தேன்.' நல்லுசாமி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு, 'கை பட்டுருச்சு' என்றான்.

பதினெட்டு வருடமாக ஓசூரில் இருந்தும், தொழிற்சாலையில் அவர் ஒரு டோக்கன் நம்பர்; தெருவில் 'மாடி வீட்டு சார்'. குரு என்று கூப்பிட ஓர் ஆள் கிடையாது. மார்கழியில் அந்த முதல் பனிப்படத்தைப் போட்ட அன்று பத்துப் பேரும் கூப்பிட்டார்கள். "குரு, என்னடா சொர்க்கத்துல குடியிருக்க!" தையில் ரத்தப் பரிசோதனை செய்து சர்க்கரை இருப்பதாக எழுதினார்; அதற்குப் பின் பாசம் இரட்டிப்பாயிற்று. ஒருநாள்கூடத் தவறாமல் யாராவது ஒருவர் ஆறேகாலுக்குள் 'அழகா இருக்கு குரு' என்று போட்டுவிடுவார்கள்.

பனி போனால் குரு போய்விடுவான். மறுபடி சாம்பார் சாதம்தான்.

ஆகவே அவர் அவசரமாக எழுதினார்: "இல்லை. ஸ்வாதி எடுத்தாள். கடிதம் மட்டும் என்னுடையது."

ஸ்வாதி அவர் மகள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அதான பாத்தேன்" என்றான் அசோக்குமார்.

"குரு, இனிமே தினமும் ஸ்வாதியே எடுக்கட்டுமே? உனக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள் வினிதா.

குருமூர்த்தி அந்த வரியை மூன்று முறை படித்தார். குத்தல். சந்தேகமே இல்லை. கண்டுபிடித்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலை படம் அனுப்பாமலே கிளம்பி, தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்ற பாப்பம்மாவிடம் போனை நீட்டினார்.

"பாப்பம்மா, நாலு ஸ்டிக்கர் ஒட்டும்மா. ஒண்ணு மேல ஒண்ணு இல்ல. ஒண்ண ஒட்டி, பிச்சு, அடுத்தத ஒட்டி."

"இன்னா சார் இது? எல்லாரும் ஒண்ணே வேணாம்னு மொணகறாங்க, நீங்க நாலு கேக்கறீங்க?"

"பசை நல்லாப் பிடிக்கட்டும்னுதான்."

"எங்க புடிக்கணும்?"

"கேமராவுல."

பாப்பம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "சார், செத்த வாங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். பாதுகாப்பு அதிகாரி கரியப்பன் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்டிக்கர் சுருளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"எத்தினி வருசமா வர்றீங்க?"

"பதினெட்டு."

"ஒரு கம்ப்ளெய்ன்ட்டு?"

"கிடையாதுங்க."

"அதாங்க எனக்கு ஒதைக்குது" என்றார் கரியப்பன். "இத்தினி வருசம் ஒண்ணுமே பண்ணாத மனுசன், திடீர்னு ஸ்டிக்கர்ல வேலை காட்டறாருன்னா உள்ள என்னுமோ இருக்குது. போன் இங்க இருக்கட்டும். ஆபீஸ்ல பாத்துட்டு நாளைக்கு சாயந்தரம் குடுக்கறோம்."

போனை ஒரு காகித உறையில் போட்டு ஒட்டினார்கள். உறையின் மேல் பாப்பம்மா ஒரு சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டினாள்.

வியாழக்கிழமை ஆறு பத்து. மொட்டைமாடியில் கையில் ஒன்றுமில்லாமல் குருமூர்த்தி நின்றார். வெயில் அதற்குள் எதிர்ச்சுவரில் ஏறிவிட்டது. உலகத்தின் ஒவ்வொரு விளிம்பும் பிளேடு வைத்து வெட்டியதுபோல் இருந்தது. கண்களைப் பாதி மூடிப் பார்த்தார். கொஞ்சம் பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் மூடினால் புகைபோக்கி லேசாக அசைந்தது.

"நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?" என்று கேட்டாள், வடாம் பிழியத் துணியோடு வந்த ஜோதிமணி.

"பனி பாக்கறேன்."

"பாருங்க பாருங்க. வடாம் மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும், அப்புறம் இதையும் பாத்துக்கங்க. காக்கா வரும்."

சாயங்காலம் போன் கிடைத்தது. தொழிற்சாலை ரகசியம் எதுவும் இல்லை, பால்காரர் படங்கள் மட்டும் நூற்றுச் சொச்சம் இருந்தன என்று கரியப்பன் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கொடுத்தார். குழுவைத் திறந்தால் அறுபத்து மூன்று செய்திகள்.

"குரு எங்க?"

"ஆறு பத்து ஆச்சே, படம் வரலியே."

"கீழ கீழ விழுந்துட்டானா? மாடிப்படி வேற."

"அவங்க வூட்டு நம்பர் யாருகிட்டயாவது இருக்கா?"

"டேய் குரு, ஒரு புள்ளியாவது வைடா!"

குருமூர்த்தி அறுபத்து மூன்றையும் வாசலிலேயே நின்று படித்தார். இரண்டே இரண்டு நாள் பனி வராததற்கு இந்தத் தவிப்பு! இவர்களை எப்படி ஏமாற்ற முடியும்? ஆகவே வெள்ளிக்கிழமை காலை, ஜோதிமணி குளிக்கப் போன சமயம் பார்த்து, தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலில் விரலை விட்டுக் கேமராவில் தடவினார்.

படம் பிரமாதமாக வந்தது. பனி மட்டும் இல்லை, வெள்ளமே வந்ததுபோல் இருந்தது. சூரியன் பன்னிரண்டாகிவிட்டது. எதிர்வீடு தன் அடித்தளத்தை விட்டு எழுந்து, கர்நாடகாப் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. பால்காரர் ஒரு வெள்ளைத் தீற்றல். குருமூர்த்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தெருவில் எங்காவது ஒரு வாடகை வீடு கிடைத்தால் இன்றைக்கே சாமான்களைக் கட்டிவிடலாம்.

"அன்பு நண்பர்களுக்கு, குருமூர்த்தி எழுதுவது. இரண்டு நாள் போன் பழுது. பனி வழக்கம்போல். அன்புடன், குரு."

பிறகு அசோக்குமார் எழுதினான்.

"குரு, முன்னைக்கு இப்ப ரொம்ப அதிகமா இருக்கேடா."

"ஆம். நாளுக்கு நாள் கூடுகிறது" என்று குருமூர்த்தி பெருமையோடு எழுதினார்.

நல்லுசாமி குரல் பதிவு அனுப்பினான். பின்னால் மோட்டார் சத்தம்.

"மாப்ள, பொன்னாங்கண்ணி கெடைக்குதாடா அங்க? நான் நாலு கட்டு பஸ்ல போட்டு விடறேன். தெனம் பருப்புல போட்டுச் சாப்புடு, என்ன?"

விவசாயிக்கு எதைப் பேசினாலும் கீரையில்தான் போய் முடியும் என்று குருமூர்த்தி சிரித்துக்கொண்டார். அடுத்த செய்தி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ராஜேஷ்குமார்.

"டேய் குரு, நாங்க நாலு பேரும் ஓசூர் வர்றோம். ஞாயித்துக்கெழம. வேன் சொல்லியாச்சு."

குருமூர்த்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சித்திரை மாதம். ஞாயிற்றுக்கிழமை. கண்கூசும் வெயிலில் நான்கு பேர் வேனிலிருந்து இறங்கி, அண்ணாந்து பார்த்துவிட்டு, அவரைப் பார்ப்பார்கள். யார் முதலில் கேட்பார்கள்? ராஜேஷ்குமார்தான். இருபத்தெட்டு வருடத்துக்கு முன், கண்டக்டர் ஆகாத காலத்திலேயே அவன் அப்படித்தான். எல்லோர் எதிரிலும் கேட்பான். "எங்கடா பனி?"

தடுக்க வேண்டும். யோசித்து, திருத்தி, தெளிவாக எழுதினார்:

"அன்புள்ள ராஜேஷ், வர வேண்டாம். இங்கே பனி மிகவும் கடுமையாகிவிட்டது. எதிரில் வருகிறவர் முகமே தெரிவதில்லை. நேற்றுகூட என் வண்டி என்று நினைத்து வேறொருவர் வண்டியில் சாவியைப் போட்டுவிட்டேன். பகலிலேயே இப்படி. இந்த நிலையில் நீங்கள் வந்து பிரயோஜனமில்லை. குரு."

இதற்குமேல் யார் வருவார்கள்? நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

அரை நிமிடத்தில் நான்கு பேரும் ஒரே சமயத்தில் எழுத ஆரம்பித்தார்கள்.

"நாளைக்கே வர்றோம்."

"ஆமா, ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்காது."

"வண்டிய மட்டும் தொடாதடா, கெஞ்சிக் கேக்கறேன்."

"குரு, நான் வினிதா. தைரியமா இரு. நாங்க இருக்கோம்."

அன்று சாயங்காலம் குருமூர்த்தி கீழ்வீட்டு ஆஞ்சப்பனைத் தேடிப் போனார். ஆஞ்சப்பன் இந்த ஊர்க்காரன். உத்தனப்பள்ளி ரோட்டில் ரோஜா வளர்க்கும் ஒரு பாலிஹவுஸில் மேற்பார்வை. பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் ஒரு ஏக்கர் ரோஜா. வெயில் ஏறினால் கூரைக் குழாய்களிலிருந்து புகைபோலத் தண்ணீர் தூவிச் செடியைக் குளிர வைப்பார்கள்.

"ஆஞ்சப்பா, ஒரு உதவி. நாளைக்குப் பத்து மணிக்கு உங்க பாலிஹவுஸ்ல எனக்குப் பனி வேணும்."

"எத்தினி பேருக்கு சார்?" என்றான் ஆஞ்சப்பன், பந்திக்கு இலை எண்ணுகிறவன் மாதிரி.

"நாலு பேர். தொட்டியத்துலேர்ந்து வர்றாங்க."

"அவங்க ஊர்ல பனி இல்லீங்களா?"

"இங்கயே இல்லப்பா! அதான் உங்கிட்ட வந்திருக்கேன்."

ஆஞ்சப்பன் தாடையைச் சொறிந்தான். "மேல குழா தெறந்து வுட்டா அஞ்சு நிமிசத்துல செடி தெரியாது சார். ஆளு எங்க தெரியறது? பக்கத்துல நிக்கறவனைக் கையால தடவிப் பாத்துதான் பேரு சொல்லணும்."

"அதுதான் வேணும். அதேதான் வேணும்."

"ஆய்த்து சார்."

ஆஞ்சப்பன் தமிழில் 'ஆகட்டும்' என்றால் யோசிக்கிறான் என்று பொருள். தெலுங்கில் சொன்னால் மறந்துவிடுவான். கன்னடத்தில் சொல்லிவிட்டால் உயிரைக் கொடுத்தாவது செய்துவிடுவான். பத்து மணிக்கு நேரே பாலிஹவுஸுக்கே வரச்சொல்லிக் குழுவுக்கு முகவரி அனுப்பிவிட்டு, குருமூர்த்தி அன்று நன்றாகத் தூங்கினார். கனவில் எதிர்வீட்டில் ஏறி மைசூர்வரை போனார்.

சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். பாலிஹவுஸ் வாசலில் ஆஞ்சப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"சார், கரண்ட்டு போச்சு."

"எப்ப வரும்?"

"அஞ்சு மணிக்கு. இன்னிக்குக் கம்பி வேலையாம். ஒம்பது மணிக்கே புடுங்கிட்டாங்க. பேப்பர்ல போட்டிருந்தாங்களாமா."

"ஜெனரேட்டர்?"

"அது ரிப்பேருக்குப் போயி பதினஞ்சு நாளாவுது."

போன் ஒலித்தது. ராஜேஷ்குமாரின் குரல் பதிவு. "குரு, ராயக்கோட்டை தாண்டிட்டோம். நீ வாசல்லயே நில்லு. நடக்காத. ரோட்டைக் கடக்காத."

"ஆஞ்சப்பா!"

"இருங்க சார், சொன்னா சொன்னதுதான்" என்று ஆஞ்சப்பன் உள்ளே ஓடினான். முதுகில் மாட்டிக்கொள்ளும் மருந்து தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி மாட்டிக்கொண்டு வந்தான். வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் குழாயைத் திருப்பி, கைப்பிடியை வேகவேகமாக அடித்தான். தண்ணீர் மெல்லிய திரையாக எழும்பியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், வெயிலில் ஏழு நிறமாக மின்னிக்கொண்டு அது நின்றது. அதன் பின்னால் தார்ரோடும் லாரிகளும் கரைந்துபோய், ஊர் மறுபடியும் குருமூர்த்தியின் ஊராக ஆயிற்று. பிறகு மொத்தமும் அவர் தலையில் இறங்கியது.

மூன்றாவது முறை அடித்தபோது தரை சேறாகியிருந்தது. நான்காவது முறை அவர் அதில் வழுக்கி உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டையும் பேண்ட்டும் போன இடம் தெரியவில்லை. ஆஞ்சப்பன் அவரைத் தூக்கிவிட்டு, வேலையாட்கள் போடும் நீலக் கோட்டையும் முட்டிவரை வரும் ரப்பர் பூட்ஸையும் கொடுத்தான். அவர் மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்கும் வேன் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. நான்கு பேரை இறக்கிவிட்டு, டிரைவர் நிழல் தேடி வேனைத் தூரத்துப் புளியமரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

மேலே ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வெயில் பாத்திரம் துலக்கியதுபோல் பளபளத்தது.

குருமூர்த்தி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சொல்லிவிடவேண்டியதுதான். மனத்துக்குள் வாசகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டார். 'அன்பு நண்பர்களுக்கு, குருமூர்த்தி சொல்வது. பனி கிடையாது. பசை.' வாயைத் திறந்தார்.

"அப்பப்பா, என்ன பனி!" என்றாள் வினிதா.

அவர் வாய் திறந்தபடியே நின்றது.

வினிதா தோளில் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்குநுனியில் நின்றது. நல்லுசாமி காது மறைக்கும் குல்லா போட்டிருந்தான். முகம் பழுத்த மிளகாய்போல் இருந்தது.

"குரு, நான் நல்லுசாமிடா" என்று அவர் கையைப் பிடித்தான். "பல்லு கிட்டுதுடா மாப்ள. எப்பிடித்தான் இருக்கறியோ இந்தக் குளுருல."

"நான் ராஜேஷ்டா. இங்க நிக்கறேன், இந்தப் பக்கம்."

"நான் அசோக்கு. எதிர்ல ஒண்ணுமே தெரியலடா குரு. எங்களுக்கே தெரியல!"

இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு பார்ப்பதால் ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது குருமூர்த்திக்குப் புரிந்தது. மற்றது புரியவில்லை. அண்ணாந்து பார்த்தார். சூரியன் இருந்தது. ரோட்டைப் பார்த்தார். தகித்தது. நான்கு பேரும் கைகளைத் தேய்த்துக்கொண்டு அவரைச் சூழ்ந்து நின்றார்கள். வினிதா "ஸ்ஸ்" என்று நடுங்கிக் காட்டினாள்.

நான்கு பேருக்குத் தெரிவது தனக்குத் தெரியவில்லையா? ஒருவேளை போன் பார்த்தது சரிதானா? பசையெல்லாம் தன் வீண் சந்தேகமா? அவர் மெதுவாகக் கண்களைப் பாதி மூடினார். ரோஜாக் கூரை வெள்ளையாக அலையடித்தது. நண்பர்களின் முகங்கள் விளிம்பு கரைந்து, பத்தாம் வகுப்பு முகங்களாக மாறின. அதில் ஒன்றுகூட அவரை 'எந்த குருமூர்த்தி?' என்று கேட்கவில்லை. முழங்கையில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. உண்மையாகவே குளிர்ந்தது.

"ஆமா" என்றார் தழுதழுத்து. "நல்ல பனி."

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வினிதா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள். ராஜேஷ்குமார் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, "பாத்து, பாத்து, இங்க ஒரு கல்லு, இப்ப எடுத்து வை" என்று நடத்திக்கொண்டுபோய் நிழலில் கவிழ்த்திருந்த பூக்கூடை மேல் உட்கார வைத்தான். பள்ளியில் அவரைக் கடந்து போனதைத் தவிர வேறெதுவும் செய்யாத ராஜேஷ்குமார்!

"நீ எங்கயும் நகராத" என்றான் அசோக்குமார். "நாங்க உள்ள போயி ரோஜாவைப் பாத்துட்டு வந்து, எப்பிடி எப்பிடி இருக்குன்னு உனக்கு விவரமாச் சொல்றோம்."

அவர்கள் ஆஞ்சப்பனோடு உள்ளே போனார்கள். குருமூர்த்தி பாதி மூடிய கண்களோடு உட்கார்ந்திருந்தார். இனி வாழ்நாளில் ஆறு பத்துக்குக் குறை இருக்காது. உலகம் இதமாக, வழவழப்பாக, பால்நிறத்தில் அசைந்தது.

அந்தப் பாலிலிருந்து ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வேன் டிரைவர். நீலக் கோட்டையும் ரப்பர் பூட்ஸையும் ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, நீங்க தோட்டத்து ஆளுதான? ஒரு சின்ன உதவி. அந்தச் சக்கரையில கண்ணு மங்கிப்போன குருமூர்த்தி சாரு எதிர்ல வெயிலுன்னு மட்டும் வாயத் தொறந்துராதீங்க. பாவம், அவரு மனசு ஒடஞ்சிரக் கூடாதுன்னு, அவரு இல்லாம தனியா ஒரு குரூப்பு வச்சு, முறை போட்டுத் தெனம் ஒருத்தரா 'அழகா இருக்கு'ன்னு எழுதிக்கிட்டிருக்காங்க இவங்க."